ராக்குவின் விரல் துணி: நாவல் எப்படிக் குறுந்தொடர் ஆகிறது?

ஒரு நாவலில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மூன்றாம் நாளும் ராக்குவுக்குக் கடலைப் பிடிக்கவில்லை. கடனை நினைத்தாள். பிடித்துத்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது."

வாசிக்க ஐந்து விநாடி ஆகும். வாசித்தவுடன் ராக்குவின் மனசு நமக்குப் புரிந்துவிடும், அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இதையே டிவியில் காட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது? கேமராவுக்குக் கடல் தெரியும், ராக்குவின் முகம் தெரியும். 'பிடிக்கவில்லை' என்பது தெரியாது. 'கடனை நினைத்தாள்' என்பது தெரியவே தெரியாது. நாவலைத் தொடராக மாற்றும் வேலையின் முக்கால்வாசி இந்த இரண்டு வரிக்குள் அடங்கியிருக்கிறது.

ராக்குவும் அவள் வரும் நாவலும் என் கற்பனை. விளக்குவதற்காக நானே ஒன்றை உருவாக்கிக்கொண்டேன். நான் இருப்பது மண்டபம் என்ற ஊரில், அதனால் கதையையும் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையிலேயே வைத்துக்கொண்டேன். சென்னையில் சில வருடங்கள் சீரியல்களுக்குத் திரைக்கதை உதவியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள், நாவல் என்றால் உயிர். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் இரண்டு முறை வாசித்துவிட்டுப் படங்களைப் பார்த்தவள். ஒருநாள் நூலகத்திலிருந்து வரும் வழியில் கேட்டாள்: "சித்தப்பா, இவ்வளவு நல்லா எழுதி வச்சிருக்காங்க. அதை அப்படியே எடுத்தா என்ன? எதுக்கு மாத்துறாங்க?"

நின்ற இடத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

முதலில், குறுந்தொடர் என்றால் என்ன? முடிவு தெரிந்து தொடங்கும் தொடர். நான்கு முதல் பத்து எபிசோட் வரை இருக்கும். முதல் எபிசோடை எழுதும்போதே கடைசி எபிசோடில் என்ன நடக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரியும். மெகா சீரியலில் அது தெரியாது, ரேட்டிங் இருக்கும்வரை கதை நீளும். தூர்தர்ஷன் காலத்துப் பதின்மூன்று வாரத் தொடர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதில்லை. பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலை கோவிந்த் நிஹலானி 1988ல் தூர்தர்ஷனுக்காக எடுத்தது இந்த வகைதான். தேசப் பிரிவினை நேரத்துக் கதை அது. எழுதியவரே ஒரு முதிய சீக்கியராக அதில் நடித்தார். அதற்கு முன்பே அமெரிக்காவில் 1977 ஜனவரியில் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' எட்டு இரவுகள் அடுத்தடுத்து ஒளிபரப்பானது. இன்றைக்கு ஓடிடியில் வரும் பல வெப் சீரிஸ்களுக்கு இவைதான் மூத்த தலைமுறை.

நாவலுக்கு இந்த வடிவம் ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 500 பக்க நாவலைச் சத்தமாக வாசித்தால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 1000 நிமிடம், பதினாறரை மணி நேரத்துக்கு மேல். சினிமா இரண்டரை மணி நேரம். எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். சினிமாவில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கிடைக்கிறது.

புதிதாக எழுத வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு தவறு செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். 'சரி, பதினாறரை மணி நேரத்தில் பத்தரை மணி நேரத்தை வெட்டினால் ஆறு வந்துவிடும்' என்று பேனாவோடு உட்கார்ந்து பிடிக்காத அத்தியாயங்களை அடித்துக்கொண்டே போவது. பக்கமும் நிமிடமும் அப்படி நேருக்கு நேர் பொருந்தாது. பாம்பன் பாலத்தையும் அதன் கீழே ஓடும் நீரோட்டத்தையும் எழுத்தாளர் மூன்று பக்கம் வர்ணித்திருப்பார். திரையில் அது ஆறு விநாடி. 'கடலைப் பிடிக்கவில்லை' என்பது இரண்டு வரி. அதற்கு மூன்று நிமிடம் வேண்டியிருக்கும்.

அந்த மூன்று நிமிடத்துக்கு வருவதற்கு முன்னால், என் கற்பனை நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராக்கு பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண். 1964ல் அவளுக்கு ஆறு வயது. அந்த டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் புயலில் தாயைப் பறிகொடுத்தவள். 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு, காலம்காலமாகப் பாசி எடுத்த தீவோரங்களுக்குப் போக முடியாமல் தவிக்கிறாள். கதை நடக்கும் வருடம் 1988. ராக்குவுக்கு முப்பது வயது, பதினான்கு வயதில் ஒரு மகள், கழுத்தளவு கடன். அந்த அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கிறது. நாவல் அங்கே முடிகிறது. நடுவில் தாத்தாவின் முத்துக்குளிப்புக் கதை, கீழக்கரை வியாபாரி ஒருவரின் குடும்பக் கதை, ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடத்து மாதா கோயில் திருவிழா என்று நிறைய உண்டு.

திரைக்கதை எழுத உட்காருகிறவர் முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியத்தை. கோடம்பாக்கத்தில் 'ஒன்லைன்' என்பார்கள். இந்தக் கதை யாருடையது, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது? ராக்கு கதைக்கு நான் எழுதிக்கொண்டது இது: 'தன் மகள் கடலில் இறங்கக் கூடாது என்று நினைக்கும் ஒரு தாய், கடலில் இறங்கித்தான் அதற்குப் பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது.' இந்த வாக்கியம் கிடைத்துவிட்டால் எது இருக்கலாம், எது போகலாம் என்பதற்கு ஒரு அளவுகோல் வந்துவிடும். தாத்தாவின் முத்துக்குளிப்பு அத்தியாயம் நாவலிலேயே அழகான அத்தியாயமாக இருக்கலாம். ஆனால் அது மகளைத் தொடவில்லை என்றால் அதற்கு எபிசோடில் இடமில்லை. வீட்டுப் பரணில் ஒரு பழைய முத்துச்சிப்பியாக அது நின்றுகொள்ளும். மகள் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தால் போதும்.

இப்போது அந்த இரண்டு வரி. இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, வாய்ஸ் ஓவர். ராக்கு கடலைப் பார்த்து நிற்பாள், பின்னணியில் அவள் குரலே 'இன்னைக்கும் எனக்குக் கடலைப் பிடிக்கல' என்று சொல்லும். வாய்ஸ் ஓவரை நான் முழுக்க ஒதுக்கவில்லை. ஆனால் மனசில் இருப்பதையெல்லாம் அதில் கொட்டினால் நாவலை யாரோ வாசித்துக்காட்டுவது போல ஆகிவிடும். படத்துக்கு வேலை இருக்காது. இரண்டாவது வழி, பக்கத்தில் ஒரு தோழியை நிறுத்தி அவளிடம் சொல்ல வைப்பது. சீரியல்களில் அதிகம் நடப்பது இதுதான். நாயகிக்கு ஒரு தோழி, அவளுக்குக் காது கொடுப்பதைத் தவிர வேறு வேலையே இருக்காது. மூன்றாவது, முகத்துக்கு நெருக்கமாகப் போய்ச் சோக இசையைப் போடுவது. பார்க்கிறவருக்கு ராக்கு வருந்துகிறாள் என்று தெரியும். எதற்கு என்று தெரியாது.

நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். ராக்கு தினமும் கையால் செய்கிற காரியம் எது? பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாறையில் கை கிழியாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாசியைப் போட வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று எதைத் தேடிப் போனாலும் விரல் துணி உண்டு. வாயாலும் மனசாலும் சொல்ல முடியாததை அந்தத் துணியிடம் கொடுத்துவிடலாம்.

"காட்சி 14. வெளியே. பாம்பன் கரை. விடிவதற்கு முன்.

வள்ளத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ராக்கு மட்டும் மணலில் உட்கார்ந்து விரல்களில் துணி சுற்றுகிறாள். முடிச்சைப் பல்லால் இழுக்கப் போனவள் நிறுத்துகிறாள். அவிழ்க்கிறாள். மறுபடி சுற்றுகிறாள்.

வள்ளக்காரர்: ஏ ராக்கு, தண்ணி வத்துற நேரத்துக்குப் போய்ச் சேர வேணாமா? ஏறு தாயி.

ராக்கு பதில் சொல்லவில்லை. மறுபடியும் அவிழ்க்கிறாள். கரை மேட்டில் ஒரு சைக்கிள் வந்து நிற்கிறது. ஓட்டிவந்தவர் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நிற்கிறார். ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் நீளமான கணக்கு நோட்டு தெரிகிறது.

ராக்கு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சைப் பல்லால் இறுக்குகிறாள். எழுந்து வள்ளத்துக்கு நடக்கிறாள்."

அவ்வளவுதான். 'பிடிக்கவில்லை', 'கடன்' என்ற இரண்டு சொற்களும் காட்சியில் இல்லை. இரண்டும் புரிகின்றன.

ஆனால் இந்தக் காட்சி தனியாக நிற்காது. ராக்கு துணியை இரண்டு தரம் அவிழ்ப்பது வழக்கத்துக்கு மாறானது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமே? அதனால் முதல் எபிசோடிலேயே அவள் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலேயே, கண்மூடித் திறப்பதற்குள் துணியைச் சுற்றி முடிப்பதைக் காட்டியிருக்க வேண்டும். சைக்கிள்காரர் யார் என்பதும் அதற்கு முன்பே ஒருமுறை வந்திருக்க வேண்டும். குறுந்தொடரின் பெரிய வசதி என்று நான் நினைப்பது இந்த 'மறுபடி வருதல்'தான். முதல் எபிசோடில் துணி சுற்றுவது வெறும் தொழில். மூன்றாவதில் தயக்கம். கடைசி எபிசோடில் அதே துணியை மகள் தன் விரலில் சுற்றிப் பார்க்கிறாள் என்றால், பேச்சே வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். சினிமாவிலும் இதைச் செய்யலாம். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு செய்கை பழக்கமாகப் பதிவதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம். நாவல் 500 பக்கத்தில் மெல்ல மெல்லச் சேர்க்கும் கனத்துக்குக் கிட்டத்தில் வருவது இந்த வடிவம் ஒன்றுதான்.

அடுத்தது எபிசோட் பிரிப்பது. தமிழ்ப் பிரபல நாவல்களில் பெரும்பகுதி வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையாக வந்தவை. ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும், யாரோ கதவைத் தட்டுவார்கள், கத்தி பளபளக்கும். 'ஏற்கெனவே கொக்கி இருக்கிறதே, எபிசோட் பிரிப்பது சுலபம்' என்று தோன்றும். 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்தது, மொத்தம் 293 அத்தியாயங்கள். பத்து எபிசோடாகப் பிரித்தால் ஒரு எபிசோடுக்கு 29 அத்தியாயம். அதாவது ஒரு எபிசோடுக்குள் 29 கொக்கிகள். எல்லாவற்றையும் வைத்தால் மூச்சு விட முடியாது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வாசித்தவருக்கு அது தேவையாக இருந்தது. 45 நிமிடம் தொடர்ந்து பார்க்கிறவருக்கு இரண்டோ மூன்றோ போதும்.

எபிசோடின் முடிவு ஆபத்தில்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை. என் கணக்கில் நல்ல எபிசோட் முடிவு என்பது ஒருவர் ஒரு முடிவு எடுக்கும் இடம். ராக்கு மகளின் பள்ளிப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட எடுத்துவைக்கிறாள். இரவெல்லாம் அது திண்ணையில் கிடக்கிறது. விடியும்போது திண்ணை காலியாக இருக்கிறது. விற்றாளா, எடுத்து உள்ளே வைத்தாளா? அங்கே நிறுத்தலாம். புயலும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

தொடக்கமும் மாறும். கல்கியின் நாவல், ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு நிதானமாகத் தொடங்குகிறது. 2022ல் வந்த படம் போர்க்களத்தில் தொடங்கியது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதில் பெரிய வருத்தம். எனக்கும் ஏரிக்கரைதான் பிடிக்கும். ஆனால் கல்கியின் வாசகரை அந்த ஏரிக்கரையில் கைப்பிடித்து அழைத்துப்போனது கல்கியின் குரல். 'வாசகர்களே' என்று கூப்பிட்டுப் பேசும் அந்தக் குரல் திரையில் இல்லை. அது இல்லாதபோது இயக்குநர் வேறு ஏதோ ஒன்றைக் கொண்டு நம்மை உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது. குறுந்தொடராக இருந்திருந்தால் ஏரிக்கரைக்கே பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆசை.

என் ராக்கு கதையில் தொடக்கம் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நாவல் 1964ல் தொடங்குகிறது, முதல் 80 பக்கம் தனுஷ்கோடிதான். டிவிக்காரர்கள் நிச்சயம் சொல்வார்கள்: 'புயலோடு ஆரம்பியுங்கள், முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆளைப் பிடித்து உட்கார வைக்கலாம்.' நான் அதை ஐந்தாவது எபிசோடுக்குத் தள்ளுவேன். அதுவரை ராக்கு ரயில் சத்தம் கேட்டால் ஏன் காதைப் பொத்துகிறாள், மகளை ஏன் தண்ணீர் பக்கமே விடுவதில்லை என்று நமக்குத் தெரியாது. தெரியாமலே அவளோடு பழகிவிடுகிறோம். அப்புறம் புயல் வரும்போது அது நமக்குத் தெரிந்த ஒருத்தியின் வீட்டில் வருகிறது.

தனுஷ்கோடியைத் தொட்டால் இன்னும் சில பொறுப்புகள் வந்து சேரும். கற்பனைப் பாத்திரங்களை எப்படியும் மாற்றலாம், நடந்த உண்மையை மாற்றக் கூடாது. அந்த இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்த நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். ராக்கு அந்த இரவில் எதைப் பார்த்திருப்பாளோ, எதைக் கேட்டிருப்பாளோ அதோடு காட்சி நிற்க வேண்டும் என்பேன். ஆறு வயதுக் குழந்தை ரயில் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று பார்த்திருக்க மாட்டாள். அப்படியிருக்க கிராஃபிக்ஸில் பெட்டிகளைப் புரட்டிக் காட்டுவது யாருக்காக?

இன்னொன்று, படக்குழுக்கள் எளிதில் சறுக்கும் இடம். தனுஷ்கோடி என்றதும் எல்லோர் மனசிலும் வருவது இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும்தான். ஆனால் 1964 டிசம்பர் 21ஆம் தேதி அவை இடிபாடுகள் இல்லை. ஆள் புழங்கிய கட்டடங்கள். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆக, புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைக் காட்ட இன்றைய தனுஷ்கோடி பயன்படாது. செட் போட வேண்டும். அரிச்சல்முனை வரை போகும் தார்ச்சாலை 2017ல் திறந்தது, அது ஃப்ரேமில் வரக் கூடாது. பாம்பனில், 1964 பகுதியில் பழைய ரயில் பாலம் மட்டும்தான் இருக்க வேண்டும். 1988 பகுதியில் பக்கத்திலேயே சாலைப் பாலம் வேலை முடிந்து நிற்க வேண்டும். 2025ல் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலம் இரண்டிலும் தலைகாட்டக் கூடாது. நாவலாசிரியர் 'பாலத்தைப் பார்த்தாள்' என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆர்ட் டைரக்டருக்குத்தான் எந்தப் பாலம் என்ற கேள்வி வரும்.

கடலுக்கும் இதே கதைதான். மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போய்விடலாம். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தலைகீழ். நான் வேலை செய்த ஒரு தொடரில், ஒரே காட்சியின் பாதியைத் தென்கரையில் எடுத்தார்கள். மீதியை ஆறு மாதம் கழித்து, வசதியாக இருக்கிறது என்று வடகரையில் எடுத்தார்கள். கடல் கடல்தானே என்று நினைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளை தெக்க பாத்து நின்னுச்சு, வடக்க பாத்து அழுவுதே. எங்க ஆளுக கண்டுபிடிச்சிருவாங்கப்பா." எனக்கு அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உதவியாளன் சொல்லிக் கேட்கும் இடத்திலும் நான் இல்லை.

ஷெட்யூல் போடுகிறவர் மீன்பிடித் தடைக்காலத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் துறை வேண்டுமென்றால் அதுதான் நேரம். கரை திரும்பும் படகுக் கூட்டம் வேண்டுமென்றால் அப்போது வந்து பயனில்லை. தீவுகளில் எடுக்க நினைத்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. திரைக்கதை எழுதும்போதே இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தால், எடுக்க முடியாத காட்சியை எழுதிவிட்டுக் கடைசி நேரத்தில் வேறு காட்சியைச் செருக வேண்டியிருக்காது.

பாத்திரங்களைச் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. நாவலில் கடன் கொடுப்பவர்கள் மூன்று பேர் இருந்தால் தொடரில் ஒருவராக ஆகிவிடுவார். பார்க்கிறவருக்கு மூன்று முகத்தை ஞாபகம் வைப்பது சிரமம், ஒருவரே என்றால் அவர் மேல் ஒரு உறவு உண்டாகும். இதில் தப்பில்லை. ஆனால் எதைச் சேர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். என் நாவலில் ராக்குவின் பாசியை வாங்கும் கீழக்கரை வியாபாரியையும் வட்டிக்காரரையும் ஒருவராக்கினால் செலவு மிச்சம்தான். கூடவே இந்தக் கரையின் ஒரு பெரிய உலகமே போய்விடும். 'வாப்பா', 'உம்மா' என்று பேசும் அந்த வீட்டுக்கும் பாம்பன் குடிசைக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கொடுக்கல் வாங்கலும் உறவும் நாவலின் சதை. அதை வெட்டினால் ராக்கு எந்தக் கடற்கரையிலும் இருக்கக்கூடிய ஒருத்தியாக ஆகிவிடுவாள்.

பேச்சுமொழியிலும் இதே கவனம் வேண்டும். மீனவர் என்றாலே சென்னைக் கரையோரப் பேச்சைக் கொடுத்துவிடுவது சினிமாவில் பழகிப்போன ஒன்று. எங்கள் பக்கம் 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'வெள்ளனே' என்றுதான் பேச்சு போகும். நாவலின் வசனத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்து, வாயில் வராததை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவருக்குத் தனக்குப் பிடித்த நாவலை எழுதிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்று வைப்போம். பயிற்சிக்கு எழுதுவதை யாரும் கேட்கப்போவதில்லை. எடுக்க வேண்டும் என்றால் உரிமை வேண்டும். இந்தியாவில் 1957ஆம் வருடச் சட்டப்படி, எழுத்தாளர் வாழும் காலமும் அவர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடமும் பதிப்புரிமை உண்டு. கல்கி 1954 டிசம்பரில் இறந்தார், 2014 முடிவோடு அந்த 60 வருடம் முடிந்தது. அதோடு தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையும் ஆக்கியிருக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் அவரிடம் கேட்க வேண்டும். பதிப்பகத்திடம் அச்சு உரிமை மட்டும் இருக்கலாம், தொடராக எடுக்கும் உரிமை எழுத்தாளரிடமே இருக்கலாம். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் போடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்தாளர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது, கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

உரிமையோடு சேர்த்து நிபந்தனையும் வைக்கலாம். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் தன் வாழ்நாளில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைப் படமாக்க உரிமை கொடுக்கவே இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு மகன்கள் தொடராக எடுக்கச் சம்மதித்தார்கள். ஸ்பானிய மொழியில்தான் எடுக்க வேண்டும், கொலம்பியாவில்தான் எடுக்க வேண்டும் என்பது பேச்சு. 2024 டிசம்பரில் முதல் எட்டு எபிசோட் வந்தது, அப்படியே வந்தது. நம் எழுத்தாளர்கள் யாராவது 'என் கதையை என் ஊர்ப் பேச்சில், என் ஊர்க் கரையில் எடு' என்று எழுதி வாங்கினால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பிறகு காட்சி 14 மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. துணி சுற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நேற்று சாயங்காலம் பாசி எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு அக்காவிடம் போய்க் கேட்டேன். கரையில் உட்கார்ந்து சுற்றிக் காட்டினார்கள். முடிச்சுப் போட்டதும் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். எழவில்லை. விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார்கள்.

"அது எதுக்குக்கா?"

"மடங்குதான்னு பாக்கணும்ல தம்பி. மடங்கலைன்னா ரொம்ப இறுக்கிட்டோம்னு அர்த்தம். தண்ணிக்குள்ள பாறைய எப்படிப் பிடிக்கிறது? அவுத்துட்டு மறுபடி கட்டணும்."

வீட்டுக்கு வந்து காட்சியின் கடைசிப் பத்தியை மாற்றி எழுதினேன்.

"ராக்கு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சைப் பல்லால் இறுக்குகிறாள். விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்க்கிறாள். மடங்கவில்லை. அப்படியே எழுந்து வள்ளத்துக்கு நடக்கிறாள்."